விரலைக் கடித்த கோமாளி மீன்

திருமணமாகி வெள்ளவத்தைக்கு வந்த புதிதில், என் கணவரின் முதல் தாரத்து மகள் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தன் கடல்நீர் மீன்தொட்டியின் முன்னால்தான் இருப்பாள். தொட்டியில் தனியாக இருந்த பெரிய கோமாளி மீனுக்கு ஜோடியாக, அவளுடைய அப்பா ஒரு சின்ன மீன் வாங்கி வந்தார். தொட்டிக்குள்ளேயே ஒரு துளைபோட்ட பெட்டியில் சில நாள் வைத்துப் பழக்கிவிட்டு, ஒரு பின்னேரம் அவள் அதைத் திறந்துவிட்டாள்.

பெரிய மீன் அதைத் துரத்தித் துரத்திக் கடித்தது. பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் தொட்டிக்குள் கையை விட்டேன். அது என் விரலையும் கடித்தது. நான் போட்ட சத்தத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கையை எடுங்கோ சித்தி. சின்னது உடம்பை நடுக்கிக் காட்டினா பெரிசு விட்டிடும்."

சித்தி! எனக்குக் கையை எடுக்கவே தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் சின்ன மீன் பக்கவாட்டில் சரிந்து நடுங்கியது. பெரியது அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு விலகிப் போனது. அவள் என் கையை வெளியே எடுத்து, விரலைத் தன் சட்டையால் துடைத்தாள்.

"நோகுதோ?"

"இல்லை" என்றேன். எரியத்தான் செய்தது. அந்தப் பிள்ளையிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அன்று எதையும் யோசிக்கவில்லை.