அத்தான் இறக்கிய ஆட்டக்காரர்கள்

நோர்வேயின் லில்லெஸ்ட்ரோம் நகரில் உள்ள தன் பலசரக்குக் கடையின் கவுண்டரில், அத்தான் ஒருநாள் விமானச் சீட்டுகளைச் சீட்டாட்டக்காரர்போல விரித்து வைத்தார். லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் அவர் ‘இறக்கும்’ ஆட்டக்காரர்களுக்கானவை அவை. வெளியாட்களைக் கொண்டுவந்து விளையாட விடுவதை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். அக்காவின் கணவரான அவர்தான் எங்கள் தமிழ் உதைபந்தாட்ட அணிக்கு முதலாளி. சீருடை, பந்து, மைதான வாடகை எல்லாம் அவர் செலவு. நான் சீருடை தோய்ப்பவன். பியோர்ண்டால் பகுதியிலிருந்து பெடியளை, எங்கள் இளம் ஆட்டக்காரரை, வான் வண்டியில் ஏற்றிவருபவன்.

“பாத்தியே மச்சான், இந்தமுறை கோல்கீப்பரும் பாரிஸ்தான்” என்றார்.

இந்த வருடமும் விளையாடவிடாமல் ஓரத்து வாங்கில் குந்தவைத்தால் நோர்வேக்காரரின் கழகங்களுக்குப் போய்விடுவோம் என்று பியோர்ண்டால் பெடியள் வானுக்குள் கதைத்துக்கொண்டார்கள். அவர்கள் போனால் அணியே இல்லை. எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லாத எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“பெடியள் கவலைப்படுவாங்கள் அத்தான்.”

“கவலைக்கு ஆரும் கப் தாறாங்களே? காசு போட்டால்தான் கப்.”

கோடைப் போட்டியில் இறுதியாட்டம்வரை போனோம். முடிய இன்னும் சில நிமிடங்கள். லண்டன் பெடியன் பந்தை நிதானமாக வைத்திருந்தான். அவனுக்குப் பின்னால் எதிரணிக்காரன் ஓடிவந்தான். பாரிஸ் கோல்கீப்பர் பிரெஞ்சில் கத்தினான். பக்கத்தில் நின்ற பியோர்ண்டால் பெடியன் நோர்வேஜிய மொழியில் கத்தினான். லண்டன்காரன் திரும்பி நின்று, “வாட்?” என்று கேட்டான். அதற்குள் எதிரணிக்காரன் பறித்தடித்த பந்து எங்கள் வலைக்குள் கிடந்தது.

வந்தவர்கள் நேரே விமான நிலையத்துக்குப் போய்விட்டார்கள். பெடியளை வீடுகளில் விட்டபின் வானில் அத்தானும் நானும் மட்டும். “ஒண்டுக்கும் உதவாதவங்கள்” என்று அவர் பொருமினார்.

எப்படி வாய் திறந்தேனோ தெரியாது. “மூண்டு பேரும் தமிழ்ப் பெடியள் அத்தான். ‘பின்னாலை ஆள்’ எண்டு ஒருத்தனுக்கும் வாயிலை வரேல்லையே. ஒண்டா விளையாடிப் பழகினால்தானே வரும்?”

அத்தான் “வாட்?” என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனாலும் விடவில்லை.

“ஆள் இறக்காமல் எப்பிடியடா வெல்லுறது?”

“வெல்லாட்டிலும் பரவாயில்லை. எங்கடை பெடியளும் நோர்வேக்காரரின்ரை கழகங்களுக்குப் போனால் வாற வருசம் நீங்களும் நானுந்தான் ஓடவேணும்.”

அத்தான் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

அவர் கஞ்சன் அல்ல. செலவை நிறுத்தவும் இல்லை. அந்தப் பனிக்காலம் முழுக்கப் பெடியள் விளையாட உள்ளரங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். ஒருவரும் கழகம் மாறவில்லை. அடுத்த கோடையில் ஒருவரையும் இறக்கவில்லை. அரையிறுதியிலேயே தோற்றோம்.

அத்தானின் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் சீருடைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பெடியள் வீட்டுக்குப் போகவில்லை. முழு அணியும் அத்தானின் கடைக்குள் புகுந்தது. இறைச்சி வைத்துப் பொரித்த ரோல்ஸ் தட்டுகள் வெறுமையாகின. குளிர்பானப் பெட்டி காலியானது. நடுவர்மீது பழிபோட்டார்கள், ஒருவனை ஒருவன் நக்கலடித்தார்கள்.

“டேய், உங்களுக்குத் தீன் போடுறதைவிடப் பாரிஸ் டிக்கெட் மலிவடா!” என்று கத்திக்கொண்டே அத்தான் இன்னொரு பெட்டியை உடைத்தார்.

அன்று விளையாடிய எங்கள் கோல்கீப்பர் இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்குகிறான். கோப்பை இன்னும் வரவில்லை. சனிக்கிழமைகளில் ஆட்டம் முடியும் நேரம் பார்த்து அத்தான் ரோல்ஸ் பொரிக்கச் சொல்லுவார். பிறகு, முகத்தைச் சுளித்தபடி, பெடியள் வரும் வழியைப் பார்த்துக் கடை வாசலில் வந்து நிற்பார்.