பாதியில் நின்ற கை

புதன்கிழமை நடந்தது.

அன்று ஆபீசிலிருந்து சீக்கிரம் கிளம்பி, தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, ரயில்வே கேட்டுக்கு வந்தேன். மூடியிருந்தது. எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், வரிசையாக. பக்கத்தில் ஸ்டெல்லா டீச்சர். தினமும் அவர்தான் பிள்ளைகளை லைனைத் தாண்டிக் கொண்டுவந்து விடுவார். யாரும் சொல்லிச் செய்வதல்ல.

என்னைப் பார்த்த என் மகள் உஷா, "அப்பா!" என்று கேட்டுக்கு அடியில் குனிந்தாள்.

டீச்சரின் கை அவள் தோள் வரை வந்தது... அப்படியே நின்றுவிட்டது. "நில்லு உஷா! நில்லு!" — குரல் மட்டும்தான் வந்தது.

நல்லவேளை, கேட்கீப்பர் பாய்ந்து அவளை இழுத்துவிட்டார். தடதடவென்று எக்ஸ்பிரஸ் ஒன்று போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கேட் திறந்ததும் ஓடினேன். கேட்கீப்பர் கத்திக்கொண்டிருந்தார். "இன்னாம்மா நீ, கொயந்தைய புடிச்சு இஸ்காம சும்மா கூவிகினு கீறே?"

டீச்சர் அழுதுவிட்டார். "தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கப்பா."

சொன்னது யார்? எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தேனே!

போன வாரம், உஷா மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொடுக்க வகுப்பு வாசலில் நின்றேன். உள்ளே எங்கள் காலனி ஆபீசர் ஒருவர், தன் மகனின் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். சிவப்பாக ஒரு தடம். இதே கேட்டில் ஓடப் பார்த்தவனை டீச்சர் பிடித்து இழுத்த தடம்.

"பெத்த நாங்களே கை வைக்கிறதில்ல. நீங்க யாரு? பையன்கிட்ட ஸாரி சொல்லுங்க!"

"சொல்லிடுங்கம்மா," என்றார் ஹெட்மாஸ்டர், தரையைப் பார்த்தபடி. "இனிமே யாரையும் தொடாதீங்க."

அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் டீச்சர் ஸாரி சொன்னார். பையன் சிரித்தான். நான்? ஆபீசுக்கு நேரமாகிவிட்டதே என்று நழுவினேன்.

பிரம்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அடித்தால் நானும்தான் போய்க் கேட்பேன். ஆனால் பிள்ளையை முழுசாக ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு, அவர் கையை மட்டும் கட்டிப்போட்டால்... நியாயமா, சொல்லுங்கள்?

கேட் ஓரத்தில் டீச்சரிடம் மெதுவாகச் சொன்னேன். "இனிமே என் பொண்ணைத் தாராளமா பிடிச்சு இழுங்க டீச்சர்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்க சொல்றீங்க சார். இதையே கிளாஸ்ல வந்து, பசங்க முன்னாடி சொல்லுவீங்களா?"

நாளைக்கு ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன். அந்த ஆபீசரையும் கூப்பிட்டுப் பார்த்தேன் — அவருக்கு மீட்டிங் இருக்கிறதாம்.