கசக்கல, போடு

இன்று சந்தையில் யாரோ நறுக்கிய பரங்கிப் பிஞ்சின் பச்சை வாசனை, என்னை மரக்காணத்து வீட்டுத் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. கசக்கும் பிஞ்சு வயிற்றுக்கு ஆகாது என்று, நுனியை நறுக்கி மென்று பார்த்த பிறகே எங்கள் வீட்டில் சமைப்பார்கள். உப்பளத்தில் வேலை செய்து நாக்கு மரத்துப்போன அம்மா, அந்தத் துண்டை அப்பாவிடம்தான் நீட்டுவாள். அவர் மென்றுவிட்டு, "கசக்கல, போடு" என்பார்.

கடல் ஊருக்குள் வந்து அப்பாவைக் கொண்டுபோனது. உப்புத்தண்ணீரில் வாடிய கொடியில் மிஞ்சிய ஒரே பிஞ்சைப் பறித்து வந்த அம்மா, நுனியை நறுக்கி, பழக்கத்தில் அப்பா உட்காரும் பக்கம் நீட்டினாள். நான் ஓடிப்போய் வாங்கி மென்றேன்.

"கசக்குதாடி?"

துளியும் கசக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. கசக்கிறது என்று நினைத்து, அம்மா அந்தப் பிஞ்சைக் குப்பையில் எறிந்தாள்.