பந்து, பலகை, எண்ணெய்ப் பெயிண்ட் சுவர்

ஜூன் 12, புதன்கிழமை. வழக்கம்போல ஒன்பது மணிக்குப் பாளையங்கோட்டையில் என் பிசியோதெரபி கிளினிக்கைத் திறந்து, மேஜையைத் துடைத்து, ஒத்தடப் பைகளைச் சுடவைத்தேன். முதலில் வந்தவர் உவரி மீனவர் சேவியர், மனைவி புஷ்பத்துடன். வலது தோள் விலகி, கட்டுப் பிரித்தபின் என்னிடம் பயிற்சி எடுப்பவர். அன்றைய சோதனையில் தேறினால் மச்சான் படகில் சுக்கான் பிடிக்கப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் மச்சான் வேறு ஆளை ஏற்றிக்கொள்வார்.

சோதனை எளிது. இரண்டு கிலோ மரப்பலகையைச் சுவரில் வைத்து, ஒரு ரப்பர் பந்தால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பந்து உருளும், அதனால் கையால் பலகையைத் தூக்கிப் பிடிக்க முடியாது. சுவரின் உராய்வுதான் எடையைத் தாங்க வேண்டும். அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். வீட்டில் பழக இதே மாதிரிப் பலகையும் பந்தும் கொடுத்திருந்தேன்.

சேவியர் அழுத்தினார். பலகை சரசரவென இறங்கி விழுந்தது. மறுபடியும் விழுந்தது.

"வீட்டுல மாட்டி வச்ச படம் கணக்கா நிக்குது சார்."

"இங்கன விழுதுல்லா?" என்றேன். பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

"பலகைக்கு ஒங்க மூஞ்சி பிடிக்கல போல," என்றாள் புஷ்பம்.

சேவியர் சிரிக்கவில்லை. போனை எடுத்தார். "மச்சான்கிட்ட வேற ஆளைப் பாக்கச் சொல்லிருதேன்."

"பொறும். அதே அளவு அழுத்தி, இடது கையால பிடியும்."

அதுவும் விழுந்தது.

"நல்லா இருந்த கையையும் கெடுத்துட்டீங்களே சார்!" புஷ்பம் சிரித்துவிட்டாள்.

"வீட்டுச் சுவரு எப்படி?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"வெறும் சிமெண்டு. சொரசொரன்னு இருக்கும்."

என் கிளினிக்கில் துடைக்க வசதியாக எண்ணெய்ப் பெயிண்ட் அடித்திருக்கிறேன். சொரசொரப்பில் நிற்கும் பலகை, அதே அழுத்தத்துக்கு வழவழப்பில் நிற்காது. தோளைச் சோதிப்பதாக எண்ணி, சுவரைச் சோதித்திருக்கிறேன்.

எடை மெஷினைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, அதை அதே பந்தால், அதே அளவு அழுத்தச் சொன்னேன். இடது கைக்கு எட்டுக் கிலோ, வலதுக்கு ஏழரை.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"அப்ப தேறிட்டீரு. சுக்கான் மட்டும் பிடியும். வலை பக்கம் கை போகப்படாது."

"இப்பப் போன் போடுங்க," என்றாள் புஷ்பம். "எடத்தைப் பிடிச்சு வைக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலை முதல் வேலையாக, இதே சுவரில் தேறாமல் 'இன்னும் ஒரு மாசம்' என்று நான் திருப்பி அனுப்பிய களக்காட்டு வாழை விவசாயியைப் போனில் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, இன்னைக்கே வாங்க. எடை மெஷின்ல பாத்துருவோம்."

"அப்ப அந்தப் பலகை?"

"அது இனிமே பழகுறதுக்கு மட்டுந்தான்."