சாய்ந்தமருதுக்கு நான் கொண்டுபோன லிமசோல் செய்தி

கல்முனைப் பக்கம் போகும் வழி, செலவு, தங்குமிடம் பற்றி எழுதும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். கீழே எல்லாம் இருக்கிறது. ஆனால் இந்த முறை நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒருவருக்கு ஒரு பதில் சொல்லப் போனேன். ஏப்ரல் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை.

அவர் பெயர் நசீர். ஐம்பதை நெருங்கும் சமையற்காரர். போன வருடம் அங்கே தங்கியபோது கல்முனைப் பிரதான வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவர் பொரித்த மீனைச் சாப்பிட்டுவிட்டு, சமைத்தவர் யாரென்று கேட்டுப் பழக்கமானவர். சுனாமிக்கு அடுத்த வருடம் சைப்பிரஸ் போனவர். லிமசோல் கடற்கரையில் அந்திரேயாஸ் என்பவரின் மீன் சாப்பாட்டுக் கடையில் பதினாறு வருடம் வேலை செய்திருக்கிறார். எனக்கும் லிமசோலில் தங்கை இருக்கிறாள், பெப்ரவரியில் அவளிடம் போகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, முதலாளியப் போய்ப் பாருங்க. நசீர் திரும்ப வரட்டாமா எண்டு மட்டும் கேளுங்க."

அந்த நாட்டின் கதையை நான் முழுதாகக் கேட்டது அவரிடம்தான். அவர் போன நேரம் அங்கே இன்னும் அவர்களுடைய சொந்தப் பவுண் நோட்டு. பிறகு யூரோ வந்தது. எங்கு பார்த்தாலும் கட்டடம் எழும்பியது, வங்கிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. 2013 மார்ச்சில் ஒருநாள் வங்கிகளைப் பூட்டிவிட்டார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம். திறந்தபோது பெரிய வைப்புகளிலிருந்து பெரும்பங்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்திரேயாஸின் பணமும் அதில் போனது. நசீர் இரண்டு வருடம் அரைச் சம்பளத்துக்கு அந்த அடுப்படியில் நின்றாராம். பிறகு மெல்ல உல்லாசப் பயணிகள் வந்தார்கள், வெளிநாட்டுப் பணம் வந்தது, நாடு எழுந்தது. கொரோனாவில் கடை மறுபடி படுத்தபோது, சேமித்ததை எடுத்துக்கொண்டு 2021 முடிவில் ஊர் திரும்பினார்.

"அங்கத்த பேங்க பூட்டினதக் கண்ணால கண்டவன் தம்பி. எங்கட பேங்குதான் பாதுகாப்பு எண்டு நினைச்சு எல்லாத்தையும் ரூபாயா மாத்திப் போட்டன்."

மாற்றியது 2022 ஜனவரியில். ஒரு யூரோவுக்கு 230 ரூபாய் அளவு. நாட்டின் ரூபாய் சரிந்து நான்கு மாதத்தில் அது 380 ஆனது. வாங்க நினைத்த படகின் விலை அவரை விட்டு ஓடிவிட்டது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். கண்டியிலிருந்து காலை 5.45 பஸ், கல்முனைக்கு 780 ரூபாய், ஏறத்தாழ 210 கிலோமீட்டர். பதினெட்டு வளைவில் வயிறு கலங்குபவர்கள் முன் இருக்கையைப் பிடியுங்கள். மஹியங்கனை 8.20, மகா ஓயாவில் தேநீருக்குக் கால் மணி நேரம், அம்பாறை 11.30. சம்மாந்துறைப் பக்கம் வேளாண்மை வெட்டி முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. நடத்துநர் இரண்டு தடவை "ஐயா, சுகமில்லையா?" என்று கேட்டார். அவ்வளவு தூரம் என் முகத்தில் தெரிந்திருக்கிறது. காரைதீவுச் சந்தியில் திரும்பிச் சில நிமிடத்தில் நசீரின் ஊரான சாய்ந்தமருது. 12.35க்கு இறங்கினேன். ஓட்டோவுக்கு 200 ரூபாய்.

நான் கொண்டுபோன பதில் இதுதான். அந்திரேயாஸின் கடை இப்போது இல்லை. நாடு எழுந்ததோடு கடற்கரை நிலத்தின் விலையும் எழுந்தது. கட்டடச் சொந்தக்காரர் இடத்தை விற்றுவிட்டார். அறுபத்தாறு வயதில் அந்திரேயாஸ் ஒரு அடுக்குமாடியின் கார் தரிப்பிடத்தில் காவலுக்கு நிற்கிறார். என் தங்கை மொழிபெயர்க்க, அவர் சொன்னார்: "நாடு நன்றாக இருக்கிறது என்று தினமும் செய்தியில் சொல்கிறார்கள். பொய்யில்லை. நசீரிடம் சொல், அவனை வரவேற்று உட்காரவைக்க என்னிடம் ஒரு கதிரைகூட இல்லை." பிறகு சொந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோல நசீரைப் பற்றி விசாரித்தார்.

அன்றே நான் இதை எழுதி அனுப்பியிருக்க வேண்டும். மனம் வரவில்லை. "முதலாளியைப் பார்த்தேன், உங்களை மறக்கவில்லை, மிச்சம் நேரில் சொல்கிறேன்" என்று அனுப்பினேன். கூடவே ஒரு சிரிக்கும் முகமும். அது பெப்ரவரி நடுப்பகுதி. அந்த ஆறு கிழமையில் என்ன நடந்தது என்று அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. முன் அறையில் ஒரு புதிய சூட்கேஸ், பிளாஸ்டிக் உறை கழற்றாமல் நின்றது.

"வாங்க தம்பி, வாங்க! ஜெஸீமா, தம்பி வந்திட்டாரு!" நசீர் தலைமயிர் வெட்டிச் சவரம் செய்து பத்து வயது குறைந்திருந்தார். மனைவி ஜெஸீமா ராத்தா (அங்கே அக்காவை ராத்தா, அண்ணனை நானா என்பார்கள்) நெய்ச்சோறும் கோழிக்கறியும் ஆக்கியிருந்தார்.

"பாஸ்போட் புதுசாக்கிட்டன். மெடிக்கலும் எடுத்த. கடையில போன கிழமையே சொல்லிப்போட்டு நிண்டுட்டன். முதலாளி எப்ப வரச் சொன்ன?"

"நானா, வேலையை விட்டுவிட்டீர்களா?"

"ஓம். புதுசா ஒரு ஆளுக்குப் பழக்கிக் குடுத்துட்டுத்தான் வந்த. சும்மா உட்டுட்டு வரல்ல."

முதலில் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்து, கை கழுவாமலே சொல்லிவிட்டேன். அந்திரேயாஸ் காவலுக்கு நிற்பதையும் கதிரை இல்லாததையும். கடை இருந்த இடத்தை நான் எடுத்த படத்தைக் காட்டினேன். தகர வேலிக்குள் தோண்டிய பெரிய குழி.

நசீர் போனை வாங்கி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நகர்த்தினார். மறுபடி பெரிதாக்கினார்.

"இந்த மூலைலதான் எங்கட அடுப்பு இருந்த," என்றார்.

ஜெஸீமா ராத்தா கதவருகில் நின்றிருந்தார். கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"அப்ப ஏன் தம்பி அண்டைக்கே சொல்லல்ல?"

நல்லவனாக இன்னும் கொஞ்ச நாள் இருக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். "ராத்தா, என் பிழை" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஆறுவதற்கு முன் சாப்பிடச் சொன்னார். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நசீருடன் கல்முனைக் கடைக்குப் போனேன். என்னால் வந்தது என்று நானே சொன்னேன். கடைக்காரர் நல்ல மனிதர், தேநீர் தந்தார்.

"நானா, உங்கட கை ருசி வேற. ஆனா அந்தாளு வந்து ஒரு கிழமை. அவருக்கும் புள்ளக்குட்டி இரிக்கி. எப்பிடி நிப்பாட்டச் சொல்ற?"

"நிப்பாட்ட வேணாம்," என்றார் நசீர். "நான்தானே பழக்கினது. நல்ல புடிப்பான ஆள்."

வெளியே வந்து கடற்கரை வரை நடந்தோம். கரைவலை இழுத்து முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். வெயிலில் நின்றபடி நசீர் சொன்னார்.

"ரெண்டு நாடு உழுந்தத நேர பாத்திரிக்கன் தம்பி. அந்த நாடு அஞ்சாறு வருசத்துல எழும்பிட்டு, முதலாளி எழும்பல்ல. எங்கட நாடும் இப்ப எழும்புதாம், டீவில சொல்றானுகள். எழும்பட்டும். எழும்பின மறுகா எனக்கென்ன."

தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தேன். எந்த உரிமையில் என்று தோன்றியது. வைக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கல்முனையில் மின்விசிறி அறை இரவுக்கு 2,500 ரூபாய், குளிர்சாதனம் வேண்டுமென்றால் 4,500. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடைகள் பூட்டியிருக்கும், சாப்பாட்டை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்கு அடக்கமான உடையில் போங்கள். நவம்பர், டிசம்பர் மழையில் வீதிகள் மூழ்கும். பெப்ரவரியிலிருந்து ஜூலை வரை நல்லது. கண்டிக்குத் திரும்பும் பஸ் காலை 6.30க்கு, அரை மணி முன்னால் போனால்தான் இருக்கை. இந்தக் கட்டணங்கள் நான் போனபோது கொடுத்தவை. இந்த நாட்டில் எந்தத் தொகையையும் நம்பி அதிக நாள் இருக்க முடியாது. அங்கே யாராவது உங்களை வெளிநாட்டில் ஒருவரைப் பார்த்து வரச் சொன்னால், சொல்லும் தைரியம் இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை திரும்பும் வழியில், அம்பாறை தாண்டியதும் நசீரிடமிருந்து குரல் செய்தி வந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

"தம்பி, மோல்டா எண்டு ஒரு நாடு இரிக்காமே, சின்ன நாடுதானாம். இப்ப நல்லா இரிக்கி எண்டு கதைக்காங்க. அங்க உங்களுக்கு ஆரையும் தெரியுமா?"

அடுத்த தரிப்பிடம் வருவதற்குள் பதில் எழுதிவிட்டேன். "யாரையும் தெரியாது நானா. உங்கள் வயதுக்கு எடுப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை."

அவர் படித்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில் வந்தது ஒரு வரிதான்: "சாப்பிட்டீங்களா தம்பி?"