பழத்துக்கு முன்னாடி சர்க்கரையா?

எங்க சித்தி அன்னாசி ஜாம் போட்டு விக்கிறாங்க. முதல் வெளிநாட்டு ஆர்டர், வெள்ளிக்கிழமை கப்பல். லேபிள் மட்டும் மூணாவது தடவையா திரும்பி வந்துடுச்சு.

போன்ல லேபிளைப் பாஸ் பண்ற அதிகாரி, மூக்காலயே பேசுறவரு: "சேர்மானப் பட்டியல்ல எடை அதிகமானதைத்தான் முதல்ல எழுதணும்மா. உங்க ஜாம்ல சர்க்கரைதான் ஜாஸ்தி."

"பழத்துக்கு முன்னாடி சர்க்கரையா? என் மானம் என்னாகுறது சார்?"

லேபிளை மாத்த மனசில்லாம, சித்தி சர்க்கரையைக் குறைச்சு இருநூறு பாட்டிலுக்கும் புதுசா கிளறினாங்க. தோள்பட்டை கழண்டுபோச்சு.

வியாழக்கிழமை மறுபடி அதே மூக்கு: "இவ்வளவு கம்மி சர்க்கரைன்னா ஜாம்னு போடக்கூடாதும்மா. பழ ஸ்ப்ரெட்னு போடுங்க."

சித்தி பல்லைக் கடிச்சாங்க. "பட்டியல்ல பழம்தானே சார் முதல்ல?"

"ஆமாம்மா."

"அப்போ என்ன பேரு வேணா வச்சுத் தொலைங்க!"