வழிகாட்டி நூலை வாசித்தவர்கள்

நான் எழுதிய ஒரே புத்தகத்தைப் பற்றி முதலில் வந்த அபிப்பிராயம், அதை வாசித்தால் நல்ல நித்திரை வருகிறது என்பது. சொன்னவர் எங்கள் ஈச்சிலம்பற்று வெளிக்கள உத்தியோகத்தர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அப்போது நான் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு நிவாரண நிறுவனத்தின் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் வந்து அடித்துவிட்டுப் போயிருந்தது. சண்டை நிறுத்தம் இருக்கிறதா இல்லையா என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. அலுவலகக் கூரையில் ஒரு பெரிய டிஷ் அன்டெனா இருந்தது. மின்னஞ்சல், அறிக்கைகள், வெளிக்கள அலுவலகங்களோடு கதைக்கும் இணையத் தொலைபேசி எல்லாம் அதன் வழியே வரும் ஒரே இணைப்பில்தான் ஓட வேண்டும். கொழும்புக்கு யாராவது நாலு படங்களை அனுப்பத் தொடங்கினால் போதும், ஈச்சிலம்பற்றிலிருந்து வரும் குரல் கந்தலாகிவிடும். "தண்ணி... பவுசர்... ரெண்டு... இல்ல" என்று கேட்கும். பவுசர் என்கிற தண்ணீர் லொறி இரண்டு வந்ததா, இரண்டும் வரவில்லையா என்று அறிய மறுபடியும் எடுக்க வேண்டும்.

இணைப்பில் எது முந்திப் போக வேண்டும், எது காத்திருக்கலாம் என்று ரவுட்டருக்குச் சொல்லிவைத்தால் இந்தத் தொல்லை தீரும். அதைப் பற்றி ஆங்கிலத்தில் தலையணை அளவு வழிகாட்டி ஒன்று எங்கள் அலுமாரியில் இருந்தது. அதை வாசித்து, பிழைவிட்டு, திருத்தி, கடைசியில் ஒருநாள் ஈச்சிலம்பற்றுக் குரல் பக்கத்து அறையில் இருந்து வருவதுபோல் கேட்டது. அந்த உற்சாகத்தில் நான் தமிழில் ஒரு சிறு வழிகாட்டி எழுதினேன். போட்டோக்கொப்பி எடுத்து, சுருள் கம்பி போட்டு, கடைசியில் வாசகர் அபிப்பிராயத்துக்கென்று ஒரு வெற்றுப் பக்கமும் வைத்தேன். வெளிக்கள அலுவலகங்களுக்கும், இணையம் வழியே வெளிநாட்டுக்குக் கதைக்கிற நெட்கோல் கடை வைத்திருந்த சிலருக்கும் கொடுத்தனுப்பினேன்.

நித்திரை அபிப்பிராயத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது, கிண்ணியாவில் நெட்கோல் கடை வைத்திருந்த ஒரு வாசகி நேரிலேயே வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். கையில் என் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

"இத எழுதினது நீங்களா, மிஸ்?"

"ஓம்."

"நீங்க சொன்னபடி ஒண்டு விடாமச் செஞ்சன். வேல செய்யல்ல. ஒருக்கா வந்து பாருங்க."

அவரிடம் கோபம் இருக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து, பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டே, எந்தப் பக்கத்தில் எந்த வரி தனக்கு விளங்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவ்வளவு கவனமாக என் எழுத்தை அதற்கு முன் ஒருவரும் வாசித்ததில்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, பிழை பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்பதையும் மறந்துவிட்டேன். அவருடைய ஊரில் எல்லாரும் அவரை ராத்தா என்று கூப்பிடுவார்களாம், அக்கா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கடத்துகிற மிதவையை நாங்கள் பாதை என்போம். பாதைக்கு முன்னால் சோதனைச் சாவடி. என் பையில் ஒரு ரவுட்டரும், வயர்களும், புத்தகமும் இருந்தன. சிப்பாய் ரவுட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெரியவரைக் கூப்பிட்டார். அந்த அதிகாரி புத்தகத்தை விரித்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் படங்கள் இருந்தனவே. பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறிகள், ஒரு பெட்டி திருகோணமலை, இன்னொன்று புல்மோட்டை. பார்க்க ஒரு தாக்குதல் திட்டம் மாதிரியே இருந்தது. அந்தப் படங்களை வரைந்தபோது அவை வேறு யாருடைய கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்திருக்கவில்லை.

எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், தொலைபேசிக் குரல் வெட்டி வெட்டி வராமல் இருக்கச் செய்கிற வேலை என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வெட்டி வெட்டி வருவதா? வீட்டுக்கு எடுத்தால் எனக்கும் அப்படித்தான் வருகிறது" என்றார் சிங்களத்தில். மறுபடியும் பக்கங்களைப் புரட்டினார். "படங்கள் நன்றாக இருக்கின்றன" என்று புத்தகத்தை மூடித் தந்தார். அது எனக்கு வந்த மூன்றாவது அபிப்பிராயம்.

ராத்தாவின் கடையில் முன்பக்கம் கணினிகள், பின்பக்கம் பலகையால் அடைத்த மூன்று நெட்கோல் கூண்டுகள். வெள்ளிக்கிழமை வளைகுடா நாடுகளில் விடுமுறை என்பதால், சுவரோரத்து வாங்குப் பலகை முழுக்க, அங்கே வேலை செய்யும் கணவன்மாரோடு கதைக்க வந்த பெண்கள். முன்னால் இளைஞர்கள் படப் பாட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று கூண்டுக்குள்ளிருந்தும் ஒரே சத்தம்: "கேக்குதா? ஹலோ, கேக்குதா?"

ரவுட்டரைப் பார்த்தேன். புத்தகத்தில் இருந்தபடியே எல்லாம் சரியாகச் செய்திருந்தார். இணைப்பின் வேகம் என்ற இடத்தில், கம்பனி தந்த கடதாசியில் இருந்த வேகத்தையே எழுதியிருந்தார்.

"ராத்தா, இந்த வேகம் உண்மையிலேயே வருதா?"

"அல்லாஹ்வே, அதில பாதி வந்தாலே நாங்க பெருநா கொண்டாடுவம்."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. எங்கள் டிஷ் இணைப்பு ஒரே சீரான வேகத்தில் ஓடும். ராத்தாவுடையது வயர்லெஸ் இணைப்பு, காற்றுக்கும் மழைக்கும் கூடிக் குறையும். ரவுட்டர் தாராளமாக இடமிருக்கிறது என்று நம்பி எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளிவிடுகிறது. நெரிசல் கடைக்கு வெளியே, கம்பனியின் கோபுரத்தடியில் உண்டாகிறது. அங்கே யாரும் குரலுக்கு வழி விடுவதில்லை. உண்மையில் வருவதைவிடக் கொஞ்சம் குறைத்து எழுதினால் நெரிசல் ரவுட்டருக்குள்ளேயே நிற்கும், அங்கே நாம் சொன்னபடி நடக்கும். இதை இருவரும் இருந்து, ஒரு தடவை குறைத்து, ஒரு கோல் எடுத்துப் பார்த்து, இன்னும் குறைத்து, இப்படியே செய்துகொண்டு போனோம். முன்னால் இருந்த இளைஞர்கள், பாட்டு நத்தை மாதிரி இறங்குது என்று முணுமுணுத்தார்கள்.

"பாட்டு எங்கயும் ஓடாது. இரிங்க" என்றார் ராத்தா.

நடுக் கூண்டில் ஓர் இளம் பெண் சவூதியில் இருந்த கணவனோடு கதைத்துக்கொண்டிருந்தாள். கதைத்தாள் என்பதைவிட அழுதாள் என்று சொல்லலாம். அவர் ஒரு மாதமாக அவளோடு சரியாகக் கதைக்கவில்லையாம். எடுத்தால் ஏச்சு, பிறகு கோல் அறுந்துவிடும். காரணம் தெரியவில்லை. நாங்கள் கடைசியாகக் குறைத்த அந்த நேரத்தில் அவள் குரலை உயர்த்தாமலே கதைப்பதைக் கவனித்தேன்.  திடீரென்று கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினாள்.

"ராத்தா, இவர் என்னமோ கேக்கிறார். வீட்டுக்கு மாடி போட்டதுக்கு ஆரு காசு தந்த எண்டு கேக்கிறார்."

"ஒங்கட வீட்டுக்கு மாடி எங்க புள்ள? கிடுகுக் கூரதானே?"

அவள் ஒரு கணம் நின்று யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவசரத்தில் கதவைச் சாத்தவில்லை.

"மாடி இல்லங்க. மாடு. மாடு கண்டு போட்டிச்சு. அதத்தான் அண்டைக்குச் சொன்னன்."

வாங்கில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு மாதமாக அந்த மனிதர் சவூதியில் இருந்துகொண்டு, தன் பெண்சாதி யாரிடமோ கடன்பட்டு மாடிவீடு கட்டுகிறாள் என்று நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறார். அந்தப் பக்கத்திலும் சிரிப்புச் சத்தம் கேட்டது, அறாமல், முழுதாக. பிறகு கன்று என்ன நிறம் என்று கேட்டிருக்க வேண்டும். "நெத்தியில மட்டும் வெள்ள" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

இதற்குப் பிறகு எனக்குப் பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். வாங்கில் இருந்த ஒரு வயதான பெண் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"நல்ல வேலதான் செஞ்சிரிக்கீங்க. ஆனா இனி எல்லாரும் மெதுவாக் கதைப்பாங்க. இங்க குந்திக்கிட்டு இரிக்கிற எங்களுக்கு ஒண்டும் கேக்காதே."

திரும்பி வந்ததும், வேகத்தைக் குறைத்து எழுதுவது பற்றிப் புதிய அத்தியாயம் ஒன்று எழுதினேன். ராத்தா அதை வாசித்து, இரண்டு இடத்தில் சுற்றி வளைக்கிறேன் என்றார். வெட்டினேன்.

சில மாதங்களில் நிலைமை மாறியது. மூதூர்ப் பக்கமிருந்து ஷெல் சத்தம் கேட்கத் தொடங்கியது. பாதை ஓடாத நாட்கள் வந்தன. ஒரு பகலில் அலுவலகத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் அறிக்கை அனுப்பிக்கொண்டிருக்க, ஈச்சிலம்பற்று உத்தியோகத்தர் எடுத்தார். சனம் பாடசாலையில் வந்து நிறைந்திருக்கிறது, பால்மாவும் தண்ணீரும் வேண்டும் என்றார். எத்தனை குழந்தைகள், எத்தனை கர்ப்பிணிகள் என்று அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் ஒரே தடவையில் எழுதிக்கொண்டேன். திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. லொறி மறுநாள் போய்ச் சேர்ந்தது. பிறகு ஒருநாள் ஓர்ஸ் ஹில்லுக்கு வந்தபோது, "உங்கட புத்தகத்தை இப்பவும் என்னால முழுக்க வாசிக்க ஏலாது. ஆனா அது வேலை செய்யுது" என்றார்.

திருத்திய பதிப்பை இணையத்தில் போட்டேன். சென்னையில் ஒரு பொறியாளர் நீண்ட அபிப்பிராயம் எழுதியிருந்தார். தொழில்நுட்பம் எல்லாம் சரியாம். மூன்றாம் அத்தியாயம் மட்டும் தலைகால் புரியவில்லையாம். அதன் தலைப்பு "கதைக்கு முதலிடம்". வலையமைப்பில் கதைகளை யார் அனுப்புகிறார்கள், அவற்றுக்கு ஏன் முன்னுரிமை, கதைகள் எந்தக் கோப்பு வடிவத்தில் இருக்கும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

பாதை ஓடிய ஒருநாள் ராத்தா வந்தபோது இதைச் சொன்னேன்.

"அப்ப கதைக்கிறதுக்கு அவங்க என்ன சொல்லுவாங்க?"

"பேசுறது எண்டு."

எங்கள் பக்கத்தில் பேசுவது என்றால் ஏசுவது. ராத்தா யோசித்தார். "பேச்சுக்கு முதலிடம் எண்டு போட்டா, இங்க உள்ளவங்க ஏச்சுக்கு முதலிடம் எண்டெல்லோ நினைப்பாங்க. எங்கட ஊட்டில ஏற்கனவே அப்பிடித்தான். அதுக்குப் புத்தகம் தேவல்ல."

இருவரும் சிரித்து முடிய நேரம் எடுத்தது. தலைப்பை மாற்றவில்லை. அதற்குப் பதிலாகப் புத்தகத்தின் பின்னால், எங்கள் பக்கத்துச் சொற்களுக்கு விளக்கம் தந்து ஒரு பக்கம் சேர்த்து, சென்னைக்காரருக்கு எழுதினேன். நன்றி என்று பதில் போட்டார். தான் மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப வாசித்ததாகவும், தன் மனைவி அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்து விழுந்து விழுந்து சிரித்ததாகவும், அப்படி இன்னும் சொற்கள் இருந்தால் அனுப்பும்படி அவர் கேட்பதாகவும் எழுதியிருந்தார்.

ராத்தாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன்.

"பாத்தீங்களா? ஒரு பக்கத்துக்கே இவ்வளவு சிரிப்பெண்டா, அவவுக்கு ஒரு புத்தகமே எழுதிக் குடுங்க" என்றவர், கதிரையை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "எழுதுங்க. நான் சொல்லித் தாறன்."